படத்துக்கு மாற்று உரை யார் எழுதுவது: கடையில் இருப்பவரா, வெளியாளா, ஏஐயா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் சேலைக் கடை வைத்திருப்பவர், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜ் நடத்துபவர், திருப்பரங்குன்றம் அருகே பள்ளி நடத்தும் டிரஸ்ட்காரர் என்று பலரும் இப்போது கேட்பது ஒரே கேள்விதான். "வெப்சைட்டில் இருக்கிற படத்துக்கெல்லாம் ஆல்ட் டெக்ஸ்ட் போடணுமாமே. நாங்களே எழுதட்டுமா, ஆள் பிடித்துக் கொடுக்கட்டுமா, ஏஐயிடம் விட்டுவிடலாமா?"

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலைப்பக்கத்தில் ஒரு படத்தை ஏற்றும்போது, அந்தப் படம் என்ன என்று சொல்லும் ஒரு வரியையும் கூடவே கொடுக்க முடியும். அதுதான் ஆல்ட் டெக்ஸ்ட், மாற்று உரை. கண்ணுக்குத் தெரியாது. பார்வையற்றவர் போனிலோ கணினியிலோ வைத்திருக்கும் ஸ்கிரீன் ரீடர் அந்த வரியை வாய்விட்டுப் படிக்கும். நெட் மெதுவாக இருந்து படம் திறக்காவிட்டால் மற்றவர்களுக்கும் அந்த வரிதான் தெரியும். அந்த வரி இல்லாத படத்தைத் தொட்டால் அடுத்த பக்கம் திறக்கும் என்று வைத்திருந்தால், ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்ல வேறு எதுவும் இருக்காது. பல நேரம் கோப்பின் பெயரையே படிக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் "ஐஎம்ஜி, இரண்டு, பூஜ்யம், இரண்டு, நான்கு..." என்று ஒவ்வோர் எண்ணாக, ஒவ்வொரு சேலைக்கும் காதில் விழும். அதைக் கேட்டுக்கொண்டு யார் வாங்குவார்?

இது தயவு தாட்சண்யத்தில் செய்வதும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுச் சேவைகளோடு தனியார் சேவைகளையும் சேர்த்தேதான் பேசுகிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுக முடிவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. டபிள்யூசிஏஜி என்ற உலகளாவிய வலை அணுகல் தரத்தில், படங்களுக்கு எழுத்து மாற்று வேண்டும் என்பது முதல் விதி. அதுவும் அடிப்படையான 'ஏ' நிலையிலேயே வருவது. அப்படியிருந்தும் உலகின் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் சோதிக்கும் வெப்எய்ம் அமைப்பின் அறிக்கையில், பாதிக்கும் மேற்பட்ட பக்கங்களில் இந்த வரி விடுபட்டிருக்கிறது.

சரி, யார் எழுதுவது?

## எதை வைத்து முடிவெடுப்பது

விலையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏஐதான் ஜெயிக்கும். அதனால் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, உண்மை. படத்தில் இல்லாததைச் சொல்லக் கூடாது. கேட்பவரால் சரிபார்க்க முடியாது என்பதால் இங்கே ஒரு தப்பு சாதாரணத் தப்பு இல்லை.

இரண்டாவது, நோக்கம். அந்தப் படம் அந்தப் பக்கத்தில் எதற்காக இருக்கிறது? இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஒரே படத்துக்கு இரண்டு பக்கங்களில் இரண்டு உரை வேண்டியிருக்கும். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரப் படம் லாட்ஜ் பக்கத்தில் இருந்தால் "அறை ஜன்னலில் இருந்து தெரியும் தெற்குக் கோபுரம்" என்பது போதும். சிற்பங்களைப் பற்றிய பக்கத்தில் இருந்தால், எந்த நிலையில் எந்தச் சிற்பம் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கேட்கும் நேரம். கண்ணால் பார்ப்பவர் ஒரு நொடியில் தாண்டிப் போகிற படத்துக்கு, காதால் கேட்பவர் அரை நிமிடம் நிற்க வேண்டியிருந்தால் அது அநியாயம்.

நான்காவது, தமிழ்க் குரலில் எப்படிக் கேட்கிறது என்பது. எழுத்தில் சரியாக இருப்பது காதில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, நாளைக்கு யார் எழுதுவார். இன்றைக்கு இருக்கும் படங்களுக்கு ஒரு தடவை எழுதிவிட்டால் ஆயிற்றா? ஆடிக்குப் புதுச் சரக்கு வரும், தீபாவளிக்கு வரும், பொங்கலுக்கு வரும். மறைமுகச் செலவு முழுக்க இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

## ஒப்பிடும் முன் ஒதுக்கிவைக்க வேண்டிய படங்கள்

இரண்டு வகைப் படங்களுக்கு, யார் எழுதுவது என்ற கேள்வியே தேவையில்லை.

ஒன்று, எழுத்தையே படமாக்கி வைத்திருப்பது. நம் ஊரில் இது ரொம்ப அதிகம். ஆடித் தள்ளுபடி அறிவிப்பு, பள்ளி அட்மிஷன் நோட்டீஸ், லாட்ஜ் வாடகைப் பட்டியல், திருவிழா நிகழ்ச்சி நிரல் எல்லாம் அச்சகத்தில் கோரல் டிராவில் வடிவமைத்து ஜேபிஜியாக வரும், அப்படியே வலையில் ஏறும். அதற்கு மாற்று உரை எழுதுவதைவிட, அந்தத் தேதியையும் விலையையும் பக்கத்திலேயே எழுத்தாகத் தட்டச்சு செய்வதுதான் சரி. அப்போது கூகுளும் தேடிக் கொடுக்கும், போனில் பெரிதாக்கிப் படிக்கவும் முடியும், வாட்ஸ்அப்பில் நகலெடுத்து அனுப்பவும் முடியும். நோட்டீஸ் படத்தைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லை. அதன் மாற்று உரையில் "ஆடித் தள்ளுபடி நோட்டீஸ், விவரம் கீழே" என்று முடித்துவிடலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அந்தக் கோப்பில் இருந்து நகலெடுத்து வலையில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டும். ஸ்கிரீன் ரீடரும் அதை ஆங்கிலமாகத்தான் படிக்கும். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள், அல்லது புதிதாகவே அடித்துவிடுங்கள். நோட்டீஸ் பத்து வரிதானே.

இன்னொன்று, வெறும் அலங்காரம். தலைப்புக்கு மேல் ஓடும் மல்லிகைச் சரம், பத்திகளுக்கு நடுவில் கோலப் புள்ளி, பின்னணியில் மங்கலாக வைகைப் பாலம். இவற்றுக்கு மாற்று உரையை வேண்டுமென்றே காலியாக விட வேண்டும். காலி என்றால், பக்கத்தின் எச்டிஎம்எல் கோடில் அந்தப் படத்துக்கு alt என்ற பண்பு இருக்க வேண்டும், அதன் உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. அப்படிச் செய்தால் ஸ்கிரீன் ரீடர் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். பண்பே இல்லாமல் விடுவது வேறு. அது மறந்துவிட்டதாகத்தான் கணக்கு. ஆனால் தொட்டால் எங்காவது கொண்டுபோகும் படம், அதே லிங்குக்குள் எழுத்து எதுவும் இல்லாமல் தனியாக இருந்தால், எவ்வளவு அலங்காரமாக இருந்தாலும் காலியாக விடக் கூடாது.

இந்த இரண்டையும் கழித்துவிட்டால் வேலை கணிசமாகக் குறையும். மீதி இருப்பவை பொருள் சொல்லும் படங்கள். அவற்றுக்குத்தான் இந்த ஒப்பீடு.

## வழி 1: கடையில் இருப்பவர்களே எழுதுவது

ஒரு சுங்குடிச் சேலைப் படத்தை எடுத்துக்கொள்வோம். மேசையில் மடித்து வைத்த அரக்கு நிறச் சேலை, பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளி, ஓரத்தில் ஜரிகை. இதே படத்துக்கு மூன்று பேர் எழுதினால் பொதுவாக எப்படி வரும் என்று பாருங்கள்.

ஏஐ: "மரத்தாலான மேற்பரப்பில் வைக்கப்பட்டுள்ள, வெள்ளைப் புள்ளிகள் கொண்ட சிவப்பு நிறத் துணி."

விளம்பரத்துக்கு எழுதிப் பழகிய வெளியாள்: "மதுரை சுங்குடி சேலை, மதுரை காட்டன் சேலை, குறைந்த விலை சுங்குடி சேலை ஆன்லைன்."

கடையில் சேலை எடுத்துப் போடுகிற பெண்: "அரக்குச் சுங்குடி, கைமுடிச்சு, பொடிப் புள்ளி, இரண்டு விரல் அகல ஜரிகை பார்டர்."

மூன்றாவதில்தான் வாங்குபவருக்கு வேண்டியது இருக்கிறது. சுங்குடியில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதும் உண்டு, அச்சில் அடித்ததும் உண்டு. கைமுடிச்சில் ஒரு புள்ளி போல இன்னொரு புள்ளி இருக்காது, அச்சில் வரிசை பிசகாது. விலை அதில்தான் மாறுகிறது. படத்தை உற்றுப் பார்க்கும் கண்ணுள்ளவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அந்த வாய்ப்பு கேட்பவருக்கும் கிடைக்க வேண்டும்.

நிறமும் அப்படித்தான். "பார்வை இல்லாதவருக்கு நிறம் எதற்கு?" என்று கேட்பவர்களை நிறையப் பார்க்கிறேன். பார்வையற்றவர்களில் பலர் ஒரு வயதுவரை பார்த்தவர்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கும் எந்த நிறத்துக்கு எந்த நிறம் சேரும், கல்யாண வீட்டுக்கு எதைக் கட்டலாம் என்பது நம்மைப் போலவே தெரியும். அம்மாவுக்கோ மனைவிக்கோ எடுப்பவரும் உண்டு. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் வழங்கும் எம்.எஸ். நீலத்தைக் கேட்டு வருகிறவரிடம் "நீலச் சேலை" என்று சொன்னால் போதுமா? மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து, வெங்காயத் தோல் நிறம் எல்லாம் கடையில் அன்றாடம் புழங்கும் வார்த்தைகள். அவற்றை யாரும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

எழுதும் முறையும் லேசானதுதான். வெளியூர் வாடிக்கையாளர் போன் போட்டு "அந்தச் சேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால் முதல் மூச்சில் என்ன சொல்வார்களோ அதை எழுதினால் போதும். "இந்தப் படத்தில் இருப்பது" என்று தொடங்க வேண்டாம். படம் என்பதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும்.

ஒரு சேலைக்கு ஐந்து படம் போடுகிறார்கள் என்றால் ஐந்துக்கும் ஒரே வரியை ஒட்டக் கூடாது. முழுச் சேலைப் படத்துக்கு மேலே சொன்ன வரி. முந்தானைப் படத்துக்கு "முந்தானை: நெருக்கமான புள்ளியில் தாமரை வட்டம், ஓரத்தில் மூன்று ஜரிகைக் கோடு". பார்டரை நெருங்கி எடுத்ததற்கு "பார்டரில் வரிசையாகக் கோபுரம்". ஜாக்கெட் பிட்டுக்கு "ஜாக்கெட் பிட்: அதே அரக்கு, புள்ளி இல்லை". ஒவ்வொரு படமும் எதைக் காட்ட எடுக்கப்பட்டதோ அதை மட்டும் சொன்னால் போதும். விலையையும் நீளத்தையும் இதில் திணிக்க வேண்டாம். அவை எல்லோருக்கும் தேவை, ஆகவே பக்கத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

பட்டியல் பக்கத்தில் மட்டும் ஒரு கவனம். அங்கே படத்துக்குக் கீழேயே "அரக்கு கைமுடிச்சுச் சுங்குடி" என்று பெயர் இருக்கும். படத்திலும் அதே வரியைப் போட்டால் ஒவ்வொரு சேலையும் இரண்டு தடவை காதில் விழும். படத்தையும் பெயரையும் ஒரே லிங்குக்குள் சேர்த்து, படத்தின் உரையைக் காலியாக விடச் சொல்லி உங்கள் வெப் டிசைனரிடம் கேளுங்கள்.

மறைமுகச் செலவு என்ன? நேரம். 300 சேலை, சேலைக்கு 5 படம் என்றால் 1,500 படங்கள். படத்துக்கு ஒரு நிமிடம் வைத்தால் 25 மணி நேரம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சேலையின் முதல் படத்தை மட்டும் முதலில் முடித்தால் 5 மணி நேரம்தான். மதியம் கூட்டம் குறைந்த பொழுதில் போனில் தமிழில் பேசியே எழுதிவிடலாம், குரல் தட்டச்சு இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. அதைவிடப் பெரிய செலவு தொடர்ச்சி. ஆர்வமாகத் தொடங்கி இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார்கள். படத்தை ஏற்றுகிறவரே அப்போதே உரையையும் எழுத வேண்டும், உரை இல்லாமல் படம் ஏறக் கூடாது என்று ஒரு விதி வைத்தால்தான் இது நிற்கும்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். மீடியா லைப்ரரியில் உரையை மாற்றினால், ஏற்கெனவே பதிவுகளுக்குள் போட்ட படத்தில் அது தானாக மாறாது. அந்தப் பதிவையும் திறந்து மாற்ற வேண்டும். இது தெரியாமல் லைப்ரரியில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, தளத்தில் ஒன்றுமே மாறவில்லை என்று நிற்பவர்கள் உண்டு.

## வழி 2: வெளியாளிடம் கொடுப்பது

பிழையில்லாத தமிழ், ஒரே சீரான நடை, சொன்ன தேதியில் முடிவது. இவை வெளியாளிடம் கிடைக்கும். ஆனால் உங்கள் சரக்கு அவருக்குத் தெரியாது. கைமுடிச்சா அச்சா என்பதை அவர் உங்களிடம்தான் கேட்க வேண்டும். நூறு படத்துக்கு நூறு வாட்ஸ்அப் கேள்வி வந்தால், காசு கொடுத்தும் வேலை உங்கள் தலையில்தான். கேள்வியே வராவிட்டால் அதைவிட மோசம், ஊகித்து எழுதுகிறார் என்று அர்த்தம்.

கூகுள் தேடலில் மேலே கொண்டுவருவதைத் தொழிலாக வைத்திருப்பவரிடம் கொடுத்தால், மேலே காட்டியது போலத் தேடல் வார்த்தைகளை அடுக்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஒரே பக்கத்தில் நாற்பது தடவை "மதுரை சுங்குடி சேலை குறைந்த விலை" என்று கேட்டுப் பாருங்கள். இப்படி வார்த்தை திணிப்பதைக் கூகுளே வேண்டாம் என்கிறது.

அப்படியானால் வெளியாள் எதற்கு நல்லவர்? கட்டமைப்பு வேலைக்கு. எந்தப் படம் அலங்காரம், எது லிங்க், எங்கே பண்பே விடுபட்டிருக்கிறது என்று தளம் முழுக்க ஒருமுறை அலசித் தருவதற்கு. வரைபடம், புள்ளிவிவரப் படம், வருமான வரைகோடு போன்றவற்றுக்கு நீண்ட விளக்கம் எழுதுவதற்கு. டிரஸ்ட்களின் ஆண்டறிக்கையில் இவை நிறைய வரும். அப்புறம், உங்கள் ஆட்களுக்கு அரை நாள் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பதற்கு. இந்த வேலைகளுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

வெளியாள் என்றதும் பார்வையுள்ள எழுத்தாளரை மட்டும் நினைக்க வேண்டாம். சுந்தரராஜன்பட்டியில் இந்திய பார்வையற்றோர் சங்கம் 1985 முதல் இயங்கி வரும் ஊர் இது. ஸ்கிரீன் ரீடரை நாள் முழுக்கப் பயன்படுத்தும் படித்த இளைஞர்கள் மதுரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு முறையாகக் கூலி கொடுத்து உங்கள் தளத்தில் ஒரு சேலையை வாங்கச் சொல்லுங்கள், ஓர் அறையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறார் என்று கூட உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஏஜென்சி அறிக்கையும் தராததை அந்த ஒரு மணி நேரம் தந்துவிடும். இலவசமாகக் கேட்காதீர்கள். அவர் செய்வது தொழில்முறைச் சோதனை.

## வழி 3: ஏஐயிடம் கொடுப்பது

வேகத்தில் இதை யாரும் மிஞ்ச முடியாது. பல ஆயிரம் படங்களுக்கு ஒரே நாளில் உரை வந்துவிடும், செலவும் சொற்பம். ஃபேஸ்புக் 2016லேயே தானியங்கி மாற்று உரையைக் கொண்டுவந்தது. அப்போது "வெளிப்புறம், இரண்டு பேர், புன்னகை" என்ற அளவில் இருந்தது, இன்றைக்கு முழு வாக்கியமாக வருகிறது. பொதுவான படங்களுக்கு, சாலை, மரம், சாப்பாட்டுத் தட்டு போன்றவற்றுக்கு, நன்றாகவே எழுதுகிறது.

எங்கே சறுக்குகிறது? நோக்கத்தில். கீழடி பற்றி ஒரு வரலாற்று ஆசிரியர் மாணவர்களுக்காகப் பக்கம் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பானை ஓட்டின் படம். "மண்ணின் மீது வைக்கப்பட்டுள்ள உடைந்த மண்பாண்டத் துண்டு" என்று ஏஐ எழுதும். பொய் இல்லை. ஆனால் அந்தப் படம் அங்கே இருப்பதே ஓட்டில் கீறியிருக்கும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக்காக. "கறுப்பு சிவப்புப் பானை ஓடு, கழுத்துப் பகுதியில் 'ஆதன்' என்று தமிழியில் கீறல்" என்றால்தான் பார்வையற்ற மாணவருக்கு மற்ற மாணவர்கள் பார்த்தது கிடைக்கும். எழுத்து என்ன என்பதை ஏஐ ஊகித்துச் சொன்னால் இன்னும் ஆபத்து. தப்பாகச் சொன்னாலும் தயங்காமல் சொல்லும்.

அதே தயக்கமின்மைதான் கடையிலும் பிரச்சினை. அச்சுச் சேலையைக் கைவேலைப்பாடு என்று எழுதிவிட்டால் வாடிக்கையாளர் உங்களைத்தான் கேட்பார். படத்தில் உள்ள தமிழ் எழுத்தைப் படிக்கும்போது, குறிப்பாகப் பழைய பெயர்ப்பலகை, கையெழுத்து, வளைத்து எழுதிய நோட்டீஸ் தலைப்பு போன்றவற்றில் எழுத்துகள் மாறிவிடும். தமிழும் பெரும்பாலும் "வைக்கப்பட்டுள்ளது, காணப்படுகிறது" என்றே ஓடும். இரண்டு சொல்லில் முடிவது ஆறு சொல்லாகும்.

அலங்காரப் படத்தையும் விடாது. மல்லிகைச் சரத்துக்கு இரண்டு வரி எழுதிக் கொடுக்கும். எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று முடிவெடுக்க, பக்கம் எதற்காக என்று தெரிந்திருக்க வேண்டுமே.

பள்ளிகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. குழந்தைகளின் படங்களை வெளியார் ஏஐ சேவைக்கு மொத்தமாக ஏற்றும் முன், பெற்றோரின் சம்மதம் இருக்கிறதா, அந்தப் படங்களை அந்தச் சேவை என்ன செய்யும் என்பதைப் பாருங்கள். ஆண்டு விழாப் படங்கள் என்றால் எழுதுவதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்களே.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இன்றைக்குப் பார்வையற்றவர் கையிலேயே ஏஐ இருக்கிறது. ஆண்ட்ராய்டின் டாக்பேக், ஐபோனின் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடர்கள் இரண்டும் உரை இல்லாத படத்தைத் தாங்களே விவரிக்கப் பார்க்கும். பி மை ஐஸ் செயலியில் 2023 முதல் படத்தைக் கொடுத்து ஏஐயிடம் கேள்வியே கேட்கலாம். ஆகவே நீங்கள் சரிபார்க்காமல் ஏற்றும் ஏஐ உரை, அவரால் தானாகவே பெற முடிந்த ஒன்றுதான். தன் போனில் கேட்கும்போது "இது மெஷின் ஊகம்" என்பதாவது அவருக்குத் தெரியும். உங்கள் தளத்தில் வரும்போது கடைக்காரர் சொன்ன வாக்காக அதை நம்புவார். அந்த நம்பிக்கைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

அதனால் ஏஐயை ஒதுக்கச் சொல்லவில்லை. வரைவு எழுதவிட்டு, சரக்கு தெரிந்தவர் ஒவ்வொன்றையும் படத்தோடு வைத்துப் படித்துத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தும் நேரத்தைக் கணக்கில் சேருங்கள். சேலை போன்ற சரக்கில், திருத்துவதற்கும் புதிதாக எழுதுவதற்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தெரிவது பழைய, பெரிய, கலவையான படத் தொகுப்புகளில்.

## வழி 4: ஒரு வரி கோட், அதாவது ஓவர்லே

வெளி நிறுவனம் தரும் ஒரு வரி கோடைத் தளத்தில் சேர்த்தால், பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மனித உருவ ஐகான் வரும். மாதச் சந்தா. படங்களுக்கு உரை உட்பட எல்லாவற்றையும் தானாகச் சரிசெய்யும் என்பார்கள். உள்ளே எழுதுவது பெரும்பாலும் வழி 3இல் சொன்ன அதே மெஷின்தான், சரிபார்க்க ஆள் இல்லை என்பதுதான் வேறுபாடு. சந்தா நின்றால் உரையும் போய்விடும், ஏனென்றால் உங்கள் தளத்தில் எதுவும் எழுதப்படவில்லை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025இல் ஆக்செஸிபி என்ற ஓவர்லே நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. எந்தத் தளத்தையும் டபிள்யூசிஏஜி தரத்துக்குக் கொண்டுவரும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதற்கு ஆதாரம் இல்லை என்பதே காரணம். மாற்று உரைக்காக இதை வாங்க வேண்டாம். நான் எந்தச் சூழ்நிலைக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | கடையில் எழுதுவது | வெளியாள் | ஏஐ வரைவு + திருத்தம் | ஓவர்லே |
|---|---|---|---|---|
| உண்மை | மிக நன்று | கேட்டு எழுதினால் நன்று | திருத்துபவரைப் பொறுத்தது | நம்ப முடியாது |
| நோக்கம் | மிக நன்று | சுமார் | திருத்தினால்தான் வரும் | இல்லை |
| கேட்கும் நேரம் | பழகினால் சுருக்கம் | நன்று | நீளும், வெட்ட வேண்டும் | நீளும் |
| தமிழ் | பேச்சு நடை, சின்னப் பிழை வரலாம் | பிழையற்றது | ஏட்டுத் தமிழ் | பெரும்பாலும் மோசம் |
| இன்றைய செலவு | ஆட்களின் நேரம் | அதிகம் | குறைவு | மாதச் சந்தா |
| மறைமுகச் செலவு | பாதியில் நின்றுபோவது | உங்கள் பக்கம் வரும் கேள்விகள், புதுச் சரக்குக்கு மறுபடி பணம் | சரிபார்க்கும் நேரம், தப்புக்குப் பொறுப்பு | நிறுத்தினால் எதுவும் மிஞ்சாது |
| பொருத்தமான இடம் | விற்கும் பொருள், அறை, உணவு | தள ஆய்வு, வரைபடம், பயிற்சி | பழைய பெரிய தொகுப்பு | எதுவும் இல்லை |

## யாருக்கு எது

சேலைக் கடை, நகைக் கடை, பாத்திரக் கடை: வழி 1. சரக்கு மாறிக்கொண்டே இருக்கும், வித்தியாசம் நுணுக்கமாக இருக்கும். சரக்கைத் தொட்டுப் பழகியவர்தான் எழுத வேண்டும். ஒருமுறை வெளியாளைக் கூப்பிட்டுத் தளத்தை அலசி, ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

லாட்ஜ், ஓட்டல்: படங்கள் குறைவு, நாற்பது ஐம்பதுக்குள் இருக்கும். மேனேஜர் ஒரு மாலையில் முடித்துவிடலாம். இங்கே கவனிக்க வேண்டியது, படத்தில் தெரியும் எந்தத் தகவல் தங்க வருபவருக்கு உபயோகம் என்பது. "அழகான விசாலமான அறை" என்பதால் ஒருவருக்கும் பயன் இல்லை. "இரட்டைக் கட்டில், கட்டிலுக்கு இரு பக்கமும் நடக்க இடம், வாசலில் படி இல்லை, குளியலறையில் கைப்பிடி" என்றால் முடிவெடுத்துவிடலாம். படியில்லாத வாசலும் கைப்பிடியும் முதியவர்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வரும் குடும்பங்களுக்கும் தேவை, ஆகவே அவை பக்கத்தின் எழுத்திலும் வரட்டும்.

பள்ளி, டிரஸ்ட்: கலவைதான் சரி. நோட்டீஸ்களை எழுத்தாக்குங்கள். குழந்தைகள் படத்துக்கு ஆசிரியர்கள் எழுதட்டும். ஆண்டறிக்கை வரைபடங்களுக்கு வெளியாள்.

போட்டோ ஸ்டூடியோ, உள்ளூர் வரலாற்றுத் தொகுப்பு, சித்திரைத் திருவிழா ஆல்பம் வைத்திருப்பவர்கள்: ஆயிரக்கணக்கில் படம் என்றால் ஏஐ வரைவு, பிறகு விஷயம் தெரிந்த ஒருவர் திருத்துவது. "ஆற்றுக்குள் பெரும் கூட்டம், நடுவில் தங்கக் குதிரை" என்று மெஷின் எழுதியதை "கள்ளழகர் பச்சைப் பட்டில் வைகைக்குள் இறங்குகிறார்" என்று மாற்ற மதுரைக்காரர் ஒருவருக்கு ஐந்து நொடி போதும். பட்டின் நிறத்தைப் படத்தோடு பார்த்துச் சரிசெய்ய மறக்க வேண்டாம், அது ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று ஊரே பேசும் விஷயம் அது.

எந்த வழியில் போனாலும் ஏற்றிய பிறகு காதால் கேட்டுப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது, செட்டிங்ஸில் அணுகல் பகுதிக்குள் போய் இயக்க வேண்டும். தமிழ்க் குரல் வருகிறதா என்று முதலில் பாருங்கள். தளத்தின் டெம்ப்ளேட் ஆங்கிலம் என்றே குறிக்கப்பட்டிருந்தால், சில குரல்கள் தமிழ் வரியைத் தாண்டிவிடும் அல்லது உளறும். வேர்ட்பிரஸில் பொது அமைப்புகளுக்குள் தளத்தின் மொழியைத் தமிழ் என்று மாற்றினால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். "ரூ." என்ற சுருக்கமும் சென்டிமீட்டருக்குப் போடும் "செ.மீ." போன்றவையும் எப்படிக் கேட்கின்றன என்று கவனியுங்கள். நெருடினால் முழுச் சொல்லாகவே எழுதுங்கள்.

பழைய படங்களில் எதிலிருந்து தொடங்குவது என்றால், முகப்புப் பக்கம், அதிகம் விற்கும் பத்துப் பொருள், பணம் கட்டும் பக்கத்தில் இருக்கும் ஐகான்கள், இந்த வரிசையில் போங்கள். பணம் கட்டும் பக்கத்தில் "தொடர்க", "திரும்பு" என்பவை வெறும் அம்புக்குறிப் படங்களாக இருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அவரால் வாங்க முடியாது. ஸ்டாக் தீர்ந்த பொருட்களின் படங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.